புடவைக்குள் இருந்த ஆள்

ஷௌனக் பாதுரியைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் "பார்வையையே கேள்விக்கு உட்படுத்தும் கலைஞர்" என்று ஒரு வரி தவறாமல் எழுதுவார்கள். அவனோடு குடும்பம் நடத்தியவள் நான். அவன் எதையாவது உற்றுப் பார்த்து நான் பார்த்ததில்லை. தேநீரில் எறும்பு மிதந்தால் எறும்போடு சேர்த்துக் குடிப்பான். சட்டையின் உள்பக்கம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு கரியாஹாட் சந்தை வரை நடந்து போய்த் திரும்புவான். இடுப்பு வரை இருந்த முடியைக் காதோரம் வெட்டிக்கொண்டு நான் வந்த அன்று, சோறு சாப்பிட்டு, கை கழுவி, சோபாவில் சாய்ந்த பிறகு கேட்டான்: "வீட்டுல என்னமோ மாறின மாதிரி இருக்கே, திரைச்சீலை புதுசா?"

ஆரம்பத்தில் அவன் இப்படி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கல்லூரி நாட்களில் அவனிடம் ஒரு சின்னக் கேமரா இருந்தது. மழையில் நின்றுபோன டிராமுக்குள் வாயைத் திறந்து தூங்கும் கண்டக்டர், வாழைப்பழத்தோலைக் காலால் ஒதுக்கிவிட்டு நடக்கும் கன்னியாஸ்திரீ என்று எடுப்பான். அந்தப் படங்களைப் பார்த்துத்தான் எனக்கு அவன்மேல் மயக்கம் வந்தது. உலகத்தில் இத்தனை இருக்கிறதா, நாம் பார்க்காமல் விட்டோமே என்று தோன்றும்.

பிறகு ஏதோ உதவித்தொகை கிடைத்து ஆறு மாதம் ஜெர்மனிக்குப் போனான். திரும்பும்போது கழுத்து வரை மூடிய கறுப்பு ஸ்வெட்டர் ஒன்றும், முக்காலியோடு ஒரு பெரிய மரக்கேமராவும், புதிதாக ஓர் அரைப் புன்னகையும் கொண்டுவந்தான். கல்கத்தாவின் மே மாதத்தில் அந்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வேர்த்து வழிவான். கழற்றச் சொன்னால் அரைப் புன்னகை வரும். "அழகா இருக்கு" என்பது அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் வசவுச்சொல் ஆகிவிட்டது. சாயங்காலம் ஏரிக்கரையில் வானம் சிவந்து நான் வாய் பிளந்து நின்றால், "காலண்டர்" என்பான்.

அவனுடைய புதிய வழி இதுதான். முதலில் ஒரு வாக்கியம். பிறகு ஒரு விதி. கடைசியாக, வேறு வழியே இல்லையென்றால், ஒரு படம். "நான் படம் எடுக்கிறவன் இல்ல, சர்பாணி. நான் சிந்திக்கிறவன். கேமரா எனக்கு ஒரு குமாஸ்தா" என்று சொல்வான். அந்தக் குமாஸ்தாவுக்கு வைத்தியம் பார்க்கவும் தீனி போடவும் என் பள்ளிக்கூடச் சம்பளம் இருந்தது. நான் பெஹாலாவில் ஒரு பெண்கள் பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன்.

ஜெர்மனியிலிருந்து வந்ததும் அவன் செய்த முதல் வேலை எங்கள் குளிர்பெட்டியைக் காலி செய்ததுதான். ஞாயிற்றுக்கிழமை, அம்மா வருகிறாள் என்று கடுகு அரைத்துத் தடவி வைத்திருந்த இலிஷ் மீனை எடுத்து மேசைமேல் வெயிலில் வைத்துவிட்டு, கேமராவை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினான். கதவைச் சாத்தியதும் உள்ளே விளக்கு அணைந்துவிடும் அல்லவா? அந்த இருட்டைப் படமெடுத்தான். இப்படி ஊரில் தெரிந்தவர்கள் வீட்டுக் குளிர்பெட்டிகளையெல்லாம் படமெடுத்து, கன்னங்கரேலென்ற சட்டங்களை வரிசையாக மாட்டி, ஒரு கண்காட்சியும் வைத்துவிட்டான். என் தம்பி டுக்காய் ஒவ்வொரு சட்டத்தின் முன்னும் நின்று முகம் பார்த்து மீசையைச் சரிசெய்துகொண்டு வந்தான்.

"தீதி, உன் வீட்டுக் குளிர்பெட்டி எது?"

"எனக்கென்ன தெரியும். அவனைக் கேளு."

கேட்டான். ஷௌனக் ஒன்றைக் காட்டினான். சட்டத்தைத் திருப்பிப் பின்பக்கச் சீட்டைப் படித்தால் அது வேறு யாரோ ஒரு டாக்டர் வீட்டுடையது.

"ஜாமாய்பாபு, உங்க வீட்டு இருட்டே உங்களுக்கு அடையாளம் தெரியலையே" என்று அக்காள் புருஷனைச் சீண்டினான் டுக்காய். அரைப் புன்னகைதான் பதில்.

பாலிகஞ்சில் கலைக்கூடம் நடத்தும் ரோமிலா பாக்சிக்கு அந்த இருட்டு மிகவும் பிடித்துவிட்டது. பெரிய பொட்டும் தடித்த வெள்ளி வளையல்களுமாக இருப்பாள். எதைப் பார்த்தாலும் கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விட்டு, "வன்முறை" என்பாள். பாராட்டாகத்தான். "ஷௌனக், அடுத்து பெண்ணைச் செய். நம்ம சமூகம் பெண்ணை எப்படி அழிச்சிருக்குன்னு செய்" என்று அவள் சொல்ல, இவன் அன்றே வாக்கியத்தோடு வீட்டுக்கு வந்தான்.

"இல்லாதவள்" என்பது தொடரின் பெயர். சிவப்புக் கரை போட்ட வெள்ளைப் புடவையால் தலை முதல் கால் வரை மூடிக்கொண்டு ஒரு பெண் ஊரின் பல இடங்களில் நிற்பாள். முகம் தெரியாது, கை தெரியாது. அந்தப் பெண் நான். வேறு யார் சும்மா வருவார்கள்?

விதிகளைக் காலை உணவின்போது வாசித்தான். நான் லூச்சிப் பூரியைப் பொரித்துப் பொரித்துப் போட, அவன் பொரிக்கப் பொரிக்கத் தின்றுகொண்டே சொன்னான்: நான் முன்னதாகவே போய்ப் புடவையால் மூடிக்கொண்டு நிற்க வேண்டும். மூடுவதை அவன் பார்க்கக்கூடாது. அவன் வரும்போது நான் 'ஏற்கெனவே இல்லாமல்' இருக்க வேண்டும். இருவரும் ஒரு வார்த்தையும் பேசக்கூடாது. படம் எடுத்ததும் அவன் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவான். அதற்குப் பிறகுதான் நான் புடவையை எடுக்கலாம்.

"அப்ப கேமரா, முக்காலியெல்லாம் யாரு தூக்கிட்டு வருவா?"

"நீ இல்லைங்கறப்போ நானேதான் தூக்கணும். அந்த வலியும் வேலையில ஒரு பகுதி."

அந்த வலி அவனுக்கு ஒரே நாள்தான் இருந்தது. மறுநாளே டாக்சி வைத்துக்கொண்டான்.

டோலிகஞ்ச் டிராம் டிப்போவில் நின்றேன். குமோர்டுலியில் தலை வைக்காத களிமண் துர்க்கைகளுக்கு நடுவில் நின்றேன். அவன் கேமராவுக்குப் பின்னால் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொள்வான். அந்தக் கேமராவின் கண்ணாடியில் உலகம் தலைகீழாகத்தான் தெரியும். அவன் கறுப்புத் துணிக்குள், நான் வெள்ளைத் துணிக்குள். எங்கள் கல்யாணத்தை யாராவது படமெடுக்க விரும்பினால் அப்போது பக்கவாட்டிலிருந்து எடுத்திருக்கலாம்.

உள்ளேயிருந்து என்னால் எதையும் பார்க்க முடியாது. ஆனால் காது கேட்கும். சியால்டா ஸ்டேஷன் வாசலில் நின்றபோது ஒரு கிழவர் கும்பிட்டுவிட்டு, "தாயே, பொண்ணுக்குக் கல்யாணம் தட்டிக்கிட்டே போகுது" என்று முறையிட்டார். கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர் நான் பொம்மையா மனுஷியா என்று பந்தயம் கட்டி, ஒருவன் இடுப்பில் கிள்ளிப் பார்த்தான். விதிப்படி நான் பேசக்கூடாது. விதியை மீறி அவன் பாட்டனார் வரை இழுத்துத் திட்டினேன். படம் கெட்டுவிட்டது என்று ஷௌனக் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். கிள்ளினான் என்று சொன்னேன். "பாத்தியா, பொது இடத்துல பெண் உடல்! என் வாக்கியத்துக்கு அதுதான் சாட்சி" என்று சந்தோஷப்பட்டான்.

இதையெல்லாம் ஏன் பொறுத்துக்கொண்டாய் என்று கேட்பார்கள். என்றைக்காவது அந்தச் சின்னக் கேமராவை மறுபடி கையில் எடுப்பான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான்.

கரியாஹாட் மீன்சந்தையில் எல்லாம் முடிந்தது.

அன்று எனக்குக் காய்ச்சல். முந்தின நாளே சொல்லியிருந்தேன். "காய்ச்சல் நல்லது, உடம்பு லேசா ஆடும்" என்றான். மீன்காரப் பெண்கள் உட்கார்ந்து அருவாமணையில் கட்லாவைத் துண்டு போடும் வரிசைக்கு நடுவே என்னை நிற்கச் சொல்லியிருந்தான். அவர்களில் பாருல் மாசி என்னை வாடிக்கையாகத் தெரிந்தவள், பௌதி, அதாவது அண்ணி, என்றுதான் கூப்பிடுவாள். நான் புடவையைத் தலையில் போட்டுக்கொள்வதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"பௌதி, உனக்கென்ன கிறுக்கா? நெருப்பா கொதிக்குது உடம்பு. வீட்டுல போய்ப் படு."

"சும்மா இரு மாசி. அவர் வந்துருவாரு."

"வரட்டும். அந்தாளு மூஞ்சியில மீன் தண்ணிய ஊத்துறேன்."

அவன் வந்தான். முக்காலியின் கால்கள் கல்லில் உரசும் சத்தம் கேட்டது. துணிக்குள் என் மூச்சே எனக்குச் சூடாகத் திரும்பி வந்தது. காலடியில் மீன் கழுவிய தண்ணீர் ஓடியது. கொஞ்ச நேரத்தில் காதுக்குள் வண்டு ரீங்கரித்தது. விழுந்தேன். மணிக்கட்டு எதிலோ இடித்து உயிர் போனது.

முதலில் பாருல் மாசி "ஐயோ" என்று கத்தினாள். அடுத்ததாகக் கேமரா 'க்ளக்' என்றது. மரக்கேமரா சத்தம், எனக்கு நன்றாகத் தெரியும். பிறகு ஃபிலிம் தட்டை மாற்றும் சத்தம். பிறகு ஷௌனக்கின் குரல், விதியை மீறி, எனக்கில்லை, மாசிக்கு: "கொஞ்சம் தள்ளுங்க, ஃப்ரேமுக்குள்ள வராதீங்க!"

மாசி தள்ளவில்லை. புடவையை விலக்கி, மீன்செதில் ஒட்டிய கையால் என் முகத்தைத் துடைத்து, தன் தேநீரை வாயில் ஊற்றினாள். நான் கண்ணைத் திறந்தபோது அவன் போய்விட்டிருந்தான். படம் எடுத்ததும் திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும் என்பது விதி. டாக்சி காத்திருந்ததாம்.

கைக்குக் கட்டுப் போட்டு என்னை அம்மா வீட்டுக்கு அழைத்துப் போனது டுக்காய்தான். அவனுக்கு மருந்துக் கம்பெனியில் வேலை. பெரிய தோல் பையைத் தூக்கிக்கொண்டு டாக்டர் டாக்டராக ஏறி இறங்குவான். வீட்டில் என்னைப் படுக்க வைத்துவிட்டு, "இன்னும் எத்தனை இடம் பாக்கி?" என்று மட்டும் கேட்டான்.

"நாலஞ்சு இருக்கும். ஏன்?"

"நான் நிக்கிறேன்."

காய்ச்சலிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. "உனக்கு மீசை இருக்குடா."

"புடவைக்கு வெளியே மீசை தெரியுமா? உன் உசரம், உன் உடம்புதான் எனக்கும். மூடுறதை அவர் பாக்கக்கூடாது, பேசக்கூடாது, போகும்போது திரும்பக்கூடாது. இப்படி ஒரு விதியை எழுதி வச்சவன் வீட்டுல திருட்டு போனா போலீஸ்கூட எழுதிக்க மாட்டான், தீதி."

அம்மா எங்கள் இருவரையும் ஒரே அச்சில் வார்த்திருந்தாள். ஒட்டடைக்கம்பு மாதிரி உயரம், எலும்பும் தோலும். அவன் சொன்னதில் தவறில்லை. ஆனாலும் கண்டுபிடித்துவிடுவான் என்றுதான் நினைத்தேன். சொந்த மனைவி நிற்கும் விதம் ஒருவனுக்குத் தெரியாமலா போகும்?

காய்ச்சல் விட்டு நான் வீடு திரும்பிய பிறகு, முதல் தடவை பிரின்ஸெப் காட் படித்துறையில். கங்கைக் கரையில் அந்த வெள்ளைத் தூண்களுக்கு நடுவில் டுக்காய் புடவைக்குள் நின்றான். நான் கொஞ்ச தூரத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து பொரியும் பச்சைமிளகாயும் தின்றுகொண்டிருந்தேன். ஷௌனக் டாக்சியில் வந்து இறங்கினான். என்னைத் தாண்டித்தான் போனான். என் பெஞ்சின் ஓரத்தில் காலை வைத்து ஷூ நாடாவைக்கூட இறுக்கிக் கட்டிக்கொண்டான். என்னைப் பார்க்கவில்லை. போய், கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டான்.

அந்த வேளை எனக்குக் கோபம் வரவில்லை. இத்தனை நாள் ஒரு மூட்டையைத் தலையில் சுமந்து திரிந்து, இறக்கிப் பிரித்துப் பார்த்தால் உள்ளே வெறும் வைக்கோல் என்று தெரிந்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. இன்னொரு பிடி பொரி வாங்கித் தின்றேன்.

அன்று மாலை வீட்டுக்கு வந்தவன் உணர்ச்சிவசப்பட்டிருந்தான். "சர்பாணி, இன்னிக்கு நீ நின்ன நிலை இருக்கே! இதுவரைக்கும் நீ புடவைக்குள்ள நடிச்சுக்கிட்டிருந்த. இன்னிக்குத்தான் நிஜமாவே இல்லாம போன. அந்த இடது தோள் லேசா சரிஞ்சிருந்தது பாரு, தலைமுறை தலைமுறையா நம்ம பொண்ணுங்க சுமந்த பாரம் அதுல தெரிஞ்சுது."

மருந்துப் பை தூக்கித் தூக்கிச் சரிந்த தோள். "அப்படியா" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன்.

மீதி இடங்களிலும் டுக்காய்தான் நின்றான். பூச்சந்தையில் நின்றபோது தும்மிவிட்டான். ஆண்பிள்ளைத் தும்மல், புறாக்களெல்லாம் பறந்தன. ஷௌனக் அதற்கும் அசையவில்லை. நான் அந்தப் பகல்களில் கச்சோடி சாப்பிட்டேன், சினிமா பார்த்தேன், பழைய சிநேகிதி ஒருத்தியைத் தேடிப் போய் அவள் வீட்டு மொட்டைமாடியில் மாங்காய் நறுக்கி உப்பு போட்டுத் தின்றேன். வீட்டுக்கு வந்தால் அன்றைய என் நிலையைப் பற்றி அவன் விரிவுரை தயாராக இருக்கும்.

கண்காட்சி குளிர்காலத்தில் ரோமிலாவின் கூடத்தில் திறந்தது. பிரின்ஸெப் காட் படத்தைச் சுவர் முழுக்க அடைத்து மாட்டியிருந்தார்கள். பக்கத்தில் ரோமிலா எழுதிய ஒரு நீண்ட குறிப்பு. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்டிருந்தது. "ஒரு பெண்ணுடல் மட்டுமே தாங்கக்கூடிய மௌனம்" என்று அதில் ஒரு வரி. டுக்காய் ஃபிஷ் ஃப்ரையைக் கடித்தபடி அந்த வரியை இரண்டு தரம் வாய்விட்டுப் படித்தான்.

"மெதுவா பேசு" என்றேன்.

"தீதி, நீயே கிட்ட வந்து பாரு. நான் ஒண்ணும் ஒளிச்சு வைக்கலை."

பார்த்தேன். புடவைக் கரைக்குக் கீழே ஒரு பாதம் துருத்திக்கொண்டிருந்தது. அவ்வளவு பெரிய படத்தில் அந்தப் பாதம் ஒரு முறம் அளவு இருந்தது. பெருவிரல் நகம் கறுத்துப்போய், புட்பால் ஆடி மிதிபட்ட நகம். விரல்கள் மேல் சுருள் சுருளாக மயிர். ஒவ்வொரு மயிரையும் எண்ணலாம். அந்த மரக்கேமரா அவ்வளவு துல்லியம். படத்தை எடுத்தவன், கழுவி அச்சிட்டவன், மாட்டியவன், குறிப்பு எழுதியவள், அதன் முன்னால் கண்மூடிப் பெருமூச்சு விட்டவர்கள், ஒருவர்கூடக் கீழே பார்க்கவில்லை.

அந்தக் கூடத்தில் ஒரே ஒரு படம் எனக்குப் பிடித்தது. நான் விழுந்த படம். அவன் அதைக் கழிப்பறைக்குப் போகும் வழியில், தண்ணீர் குடம் வைத்த மூலையில் மாட்டியிருந்தான். "கதை ஜாஸ்தி ஆயிடுச்சு" என்பது அவன் புகார். தரையில் வெள்ளைக் குவியலாக நான். அருவாமணையை அப்படியே விட்டுவிட்டு, வாயைத் திறந்து, இரு கையையும் நீட்டிப் பாய்ந்து வரும் பாருல் மாசி. பின்னால் எட்டிப் பார்க்கும் பத்து முகங்கள். ஒரு பூனை மட்டும் இதுதான் சமயமென்று மீனைக் கவ்விக்கொண்டு ஓடுகிறது. அதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். அவனுக்குத் தெரியாமல், அவனையும் மீறி, அந்தப் பழைய பையன் எடுத்த படம் அது. கண் கலங்கியது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பிறகு எல்லோரையும் நாற்காலிகளில் உட்கார வைத்து ஷௌனக்கும் ரோமிலாவும் பேசினார்கள். நானும் தம்பியும் வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்திருந்தோம். எங்களுக்குள் சிரித்துக்கொண்டு போய்விடுவதாக ஏற்பாடு. முன்வரிசையில் ஒரு பெண், கலைக்கல்லூரி மாணவியாக இருக்கலாம், எழுந்து, "புடவைக்குள்ள இருக்கிறவங்க யாரு? அவங்க பேரை எங்கயுமே போடலையே" என்று கேட்டாள்.

ஷௌனக் அரைப் புன்னகை புன்னகைத்தான். "பேர் போட்டா படம் செத்துடும். அங்க யாரும் இல்லைங்க. ஒரு கன அளவு இருக்கு. அவ்வளவுதான்."

இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மணிக்கட்டு இன்னும் குளிரில் வலிக்கும். நான் கன அளவு.

டுக்காய் எழுந்துவிட்டான். "ஒரு நிமிஷம் ஜாமாய்பாபு. அந்தக் கன அளவுக்குப் பேர் இருக்கு. தேபார்க்யா கோஷால், வீட்டுல டுக்காய். மருந்துக் கம்பெனியில விற்பனைப் பிரதிநிதி. சந்தேகம் இருந்தா படத்துல காலைப் பாருங்க, அப்புறம் இதைப் பாருங்க" என்று செருப்பைக் கழற்றிக் காலைத் தூக்கி முன்நாற்காலியின் முதுகில் வைத்தான்.

கூடமே படத்தைப் பார்த்தது. காலைப் பார்த்தது. மறுபடி படத்தைப் பார்த்தது. பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள், அது பரவியது. ரோமிலாவின் வளையல்கள் கலகலத்து நின்றன. ஷௌனக் தண்ணீர் எடுத்துக் குடித்தான். முகம் சுண்ணாம்பாக வெளுத்ததை நான் பார்த்தேன். குடித்து முடித்துக் கோப்பையைக் கீழே வைக்கும்போது அந்த அரைப் புன்னகை திரும்பி வந்துவிட்டது.

"அப்பாடா, கடைசியில கேட்டாங்க" என்றான். "இந்தக் கேள்வி வரணும்னுதான் இத்தனை நேரம் காத்துக்கிட்டிருந்தேன். பெண்ணை அழிச்ச இடத்துல ஒரு ஆணை வச்சா, நாம கண்டுபிடிப்போமா? மாட்டோம். இப்ப எல்லாரும் சாட்சி. இந்த வேலையோட ரெண்டாவது பகுதி நீங்கதான்."

ரோமிலா கண்ணை மூடினாள். "வன்முறை" என்று முணுமுணுத்தாள். ஒருவர் கைதட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள். குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று சொல்வார்களே, அதை அன்றுதான் நேரில் கண்டேன்; இவனுக்கு மீசைகூட இல்லை.

கைதட்டல் ஓய்ந்ததும் நான் எழுந்தேன். "ஷௌனக், அப்ப உனக்கு முன்னாடியே தெரியும். நல்லது. இந்தச் சுவர்ல இருக்கிறதுல எது நான், எது என் தம்பி? விரலை நீட்டிக் காட்டு, போதும்."

அவன் என்னைப் பார்த்தான். வெகுகாலத்துக்குப் பிறகு நேராகப் பார்த்தான். பிறகு சுவரைப் பார்த்தான். டிராம் டிப்போ, குமோர்டுலி, பூச்சந்தை. கண் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவியது. நுனிநாக்கால் உதட்டை நனைத்துக்கொண்டான்.

"இந்தக் கேள்வியே தப்பு சர்பாணி" என்றான். "எது யாருங்கறது இங்க விஷயமே இல்ல."

அதற்கும் கைதட்டினார்கள். கேள்வி கேட்ட மாணவி மட்டும் தட்டவில்லை. எழுந்து போய்ப் படத்தின் முன் குனிந்து உட்கார்ந்து அந்தக் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பத்திரிகைகள் ஷௌனக்கைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டன. காலையில் லூச்சி பொரிக்கவில்லை. ரொட்டியை வெட்டி வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன்.

"நிஜமா உனக்குத் தெரியுமா?"

"தெரியறதுன்னா என்ன? அடிமனசுக்குத் தெரிஞ்சுதான் இருந்திருக்கு. இல்லேன்னா அந்த விதியை நான் ஏன் அப்படி எழுதணும்?"

பொய் சொல்லவில்லை. அதற்குள் அவனே அதை நம்பியிருந்தான். பொய் சொல்கிறவனோடு சண்டை போடலாம். இவனோடு என்ன போடுவது?

"சரி. நான் நின்ன படத்துக்குப் பக்கத்துல என் பேர், டுக்காய் நின்ன படத்துக்குப் பக்கத்துல அவன் பேர். எழுதி ஒட்டிடு. எது யாருதுன்னு நானே சொல்றேன்."

"அது முடியாது. பேர் வந்தா மொத்தமும் குடும்ப ஆல்பம் ஆயிடும்." ஜாம் தடவினான். "ஆனா ஒரு யோசனை. நீங்க ரெண்டு பேரும் ஒரே புடவைக்குள்ள..."

"ஷௌனக், இது எங்க அப்பா எனக்கு எழுதி வச்ச வீடு. நீ கிளம்பு."

அவன் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தான். அவமானமோ வருத்தமோ அல்ல. எனக்குத் தெரிந்த முகம்தான். ஒரு வாக்கியம் வந்துகொண்டிருந்தது. "நான் போறதை எடுக்கலாமா?" என்றான்.

"எதை வேணா எடு. பன்னிரண்டு மணிக்கு முன்னாடி எடு."

எடுக்கவில்லை. ஃபிலிம் தீர்ந்துபோயிருந்ததாம். கறுப்பு ஸ்வெட்டர்களை மடித்து, மரக்கேமராவைச் சுற்றி அடைத்து, மத்தியானம் டாக்சியில் போனான். மீன்சந்தைப் படத்தை ரோமிலாவின் கூடத்துக்குப் போய் நானே கழற்றிக்கொண்டு வந்தேன். யார் அனுமதி என்று அவள் கேட்டாள். விழுந்தவள் அனுமதி என்றேன். பாருல் மாசியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "வாயை இவ்வளவு பெரிசாவா திறந்தேன்? கண்றாவி" என்று திட்டிவிட்டு, பூனையைக் காட்டி, "இந்த நாய்ப்பய பூனைதானா அன்னிக்கு என் டாங்ரா மீனைத் தூக்கினது!" என்று கத்தி, பக்கத்துக் கடைக்காரிகளையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினாள்.

ஷௌனக் இப்போது டெல்லியில் இருக்கிறான். பையன்களுக்கும் பெண்களுக்கும் வாக்கியம் எழுதக் கற்றுத் தருகிறான். டுக்காய்க்கு ஒருமுறை போன் செய்து, ரெண்டாவது பகுதிக்கு வந்து நிற்கிறாயா, வெளிநாட்டுக்கெல்லாம் போகலாம் என்று கேட்டிருக்கிறான். "இல்லை ஜாமாய்பாபு, நான் மருந்து விக்கிறவன். எங்க மாத்திரையில கொஞ்சமாவது மருந்து இருக்கணும்னு சட்டம் இருக்கு" என்று சொல்லிவிட்டான் என் தம்பி.

போன மாதம் புதிய தொடர் ஒன்று வந்திருக்கிறது. "மனைவி போன பிறகு" என்று பெயர். மனைவியின் காலி அலமாரியின் படங்கள். அலமாரி எங்கள் வீட்டில்தான் இருக்கிறது, என் துணிகளால் நிறைந்து கதவு மூடாமல். போனது அவன்தானே. அதனால் ஓர் அலமாரியை வாடகைக்கு எடுத்தானாம். ரோமிலா அழைப்பு அனுப்பியிருந்தாள். அன்று பதினோராம் வகுப்புக்குச் செய்முறைத் தேர்வு இருந்தது. நான் போகவில்லை.